ஏற்காட்டில் கூடாரம் போட என்ன கத்தி எடுத்துப் போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். நண்பர்களையும் உறவுக்காரப் பிள்ளைகளையும் சிறு குழுவாக, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு அழைத்துப் போய், தெரிந்தவர்களின் காப்பித் தோட்டத்தில் அனுமதி வாங்கி இரண்டு இரவு தங்கி வருவது பல ஆண்டுப் பழக்கம். புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் தொலைபேசியில் வரும் கேள்விகளில் பாதி கத்தியைப் பற்றியவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கத்தி அவசியம்தானா?

அவசியம். ஆனால் எதற்கு என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். சென்ற முறை இரண்டு நாளில் என் கத்தி செய்த வேலைகளைச் சொல்கிறேன்: வெங்காயமும் தக்காளியும் நறுக்கியது, எலுமிச்சை பிளந்தது, பால் உறையையும் ரவைப் பொட்டலத்தையும் திறந்தது, நைலான் கயிற்றை நான்கு துண்டாக்கியது, காயத்துக்குக் கட்டுத் துணி கிழித்தது, கூடார முளைக்கு ஒரு குச்சியைச் சீவியது. அவ்வளவுதான். இந்த வேலைகளை மனதில் வைத்துக் கத்தியைத் தேர்ந்தெடுத்தால் கீழே வரும் சட்டக் கேள்விகளில் பெரும்பாலானவை உங்களைத் தொடவே தொடாது. இணையத்தில் படம் பார்த்து வாங்கினால் எல்லாமே உங்களைத் தொடும்.

எவ்வளவு நீளம் போதும்?

வெட்டும் பகுதி மூன்றரை முதல் நான்கு அங்குலம், அதாவது 9 அல்லது 10 செ.மீ. இரண்டரை முதல் 3 மி.மீ. தடிமன். நான்கு விரலும் முழுதாகப் பதியும் பிடி. ஸ்வீடனின் மோரா கத்திகள் உலகெங்கும் கூடாரக்காரர்கள் கையில் இருப்பதற்கு இந்த அளவுதான் காரணம். ஆறு அங்குலம் இருந்தால் அவை இவ்வளவு பயன்பட்டிருக்காது. நீளம் கூடக்கூட முனை உங்கள் கையிலிருந்து தள்ளிப்போகிறது. பூண்டு உரிக்கும்போது அது புரியும்.

மடக்குக் கத்தியா, மடங்காத கத்தியா?

புதிதாகத் தொடங்குபவருக்கு மடங்காத கத்திதான் என்பேன், உறையோடு. காரணம் ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்களோடு வந்த ஒரு தம்பி, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியின் முனையால் மூங்கிலில் துளை போட முயன்றான். முனை மூங்கிலில் சிக்கியது, அவன் அழுத்தினான், கத்தி பின்னால் மடங்கி ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் இறங்கியது. சத்தமே இல்லை. விரலைத் தூக்கிப் பார்த்தவன் முகம் வெளுத்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. கீழே இறக்கி மூன்று தையல் போட வேண்டியிருந்தது.

மடக்குக் கத்திதான் வேண்டுமென்றால் பூட்டு உள்ளதை வாங்குங்கள். பிரான்சின் ஒபினெல் கத்தியில் கழுத்து வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். எளிமையானது, சேறு படிந்தாலும் வேலை செய்யும். பூட்டு இல்லாத பேனாக்கத்தியை நறுக்கவும் சீவவும் மட்டும் பயன்படுத்துங்கள், குத்தாதீர்கள்.

மடங்காத கத்தியில் ஒன்றைக் கவனியுங்கள். இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பிடியின் கடைசிவரை போனால் நல்லது, முக்கால் தூரம் போனாலும் போதும். ஒரு அங்குலம் மட்டும் போய்ப் பசையில் நின்றால், அது அலமாரியில் வைத்துப் பார்க்கிற கத்தி.

நம் ஊர் சேலம் ஸ்டீல் இருக்க, வெளிநாட்டுக் கத்தி எதற்கு?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். கஞ்சமலை அடிவாரத்தில் ஸ்டெயின்லெஸ் ஆலை இருக்கிறது என்பது நம் எல்லாருக்கும் பெருமைதான். ஆனால் தட்டுக்கும் டம்ளருக்கும் போகிற ஸ்டெயின்லெஸ் வேறு, கத்திக்குப் போகிறது வேறு. பாத்திர வகையில் முக்கியமான 304 என்பதில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், கரி (கார்பன்) 0.08 சதவீதத்துக்குள். துருப்பிடிக்காது, நன்றாக வளையும். ஆனால் சூடாக்கித் தோய்த்தாலும் (திடீரெனக் குளிரவைத்தாலும்) இறுகாது, கூர் நிற்காது. கத்திக்குக் கரி வேண்டும். மோரா போன்றவற்றில் சுமார் 0.6 சதவீதம் இருக்கிறது. குரோமியத்தோடு கரியும் சேர்ந்தால்தான் உலையில் இறுகும்.

கடையில் செய்யக்கூடிய ஒரு சோதனை: சிறு காந்தத்தை எடுத்துப் போங்கள். கத்தியில் ஒட்டவில்லை என்றால் அது பாத்திர எஃகு. வைத்துவிட்டு வாருங்கள். ஒட்டினால் உடனே நல்ல கத்தி என்றும் ஆகிவிடாது; ஒட்டாவிட்டால் நிச்சயமாக வேண்டாம்.

கொல்லர் பட்டறையில் அடித்து வாங்கலாமா?

தாராளமாக. என் கத்திகளில் இரண்டு அப்படி வந்தவை. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தவை. சங்ககிரிப் பக்கம் லாரி இருக்கும்வரை அந்தப் பட்டைக்குப் பஞ்சமில்லை. அதிலும் சுமார் 0.6 சதவீதம் கரி இருக்கிறது.

தோய்ச்சலைப் பார்க்க வேண்டுமென்றால் மாலையில் போங்கள். வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது என்பதால் எனக்கு அடித்துக் கொடுத்த பெரியவர் பொழுது சாய்ந்த பிறகுதான் தோய்ப்பார். துருத்திக் காற்றில் கத்தி பழுத்து, ஆரஞ்சுக்குப் போகுமுன் உள்ள சிவப்பில் நிற்கும்போது வெளியே எடுத்து, எண்ணெயில் கத்தியின் வாய், அதாவது வெட்டும் ஓரம், முதலில் படும்படி இறக்குவார். ஒரு நொடி தீ எழும்பி அடங்கும். பிறகு அரத்தை வாயில் வைத்து இழுத்துப் பார்ப்பார். அரம் கடிக்காமல் வழுக்கினால் இறுகிவிட்டது. அதோடு முடியவில்லை. அப்படியே விட்டால் கண்ணாடிபோல் உடையும். மறுபடி இளஞ்சூட்டில் காட்டி, தேய்த்த இடத்தில் வைக்கோல் நிறம் ஓடும்போது நிறுத்துவார். நீலம் ஓடிவிட்டால் கூர் போயிற்று என்று அர்த்தம்.

பெயர், முகவரி, தொலைபேசி எண், எதற்கு என்ற விவரங்களைப் பட்டறையில் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். கத்தி, அரிவாள் செய்பவர்களும் விற்பவர்களும் வாங்குபவர் விவரத்தைக் குறித்துவைக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு காவல்துறை அறிவுறுத்தியது. அந்தக் குறிப்பு உங்களுக்கும் பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுதச் சட்டம், 1959. அதன் கீழ் இப்போது நடப்பில் உள்ளவை ஆயுத விதிகள், 2016. அந்த விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகை, துப்பாக்கி அல்லாத ஆயுதங்கள். வாள், குத்துவாள், ஈட்டி, போர்க் கோடரி, கத்தி (சீக்கியரின் கிர்பானும் நேபாளத்தின் குக்ரியும் உட்பட) எல்லாம் அதில் வருகின்றன. அளவு இதுதான்: வெட்டும் பகுதி 9 அங்குலத்துக்கு மேல் நீளம், அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம். விலக்கும் அங்கேயே இருக்கிறது: வீட்டு வேலைக்கோ, விவசாயத்துக்கோ, அறிவியலுக்கோ, தொழிலுக்கோ வடிவமைக்கப்பட்டவை இந்த வகையில் சேரா.

இதை நிதானமாகப் படியுங்கள். இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அளவு என்ன? எதற்காகச் செய்யப்பட்டது? கசாப்புக் கடைக் கத்தி 12 அங்குலம் இருக்கலாம், அது தொழிற்கருவி. தென்னந்தோப்பு அரிவாள் அதைவிடப் பெரிது, அது விவசாயக் கருவி. ஆனால் இருபுறமும் கூர், முதுகில் ரம்பப் பல், பிடியில் திசைகாட்டி என்று 10 அங்குலத்தில் விற்கிறார்களே, அதை எந்த வீட்டு வேலைக்கு என்று சொல்வீர்கள்? நான்கு அங்குலச் சமையல் கத்தி இரண்டு கேள்வியிலும் தேறிவிடும். என் பரிந்துரைக்குப் பாதிக் காரணம் இதுதான்.

அப்படியென்றால் 9 அங்குலத்துக்குக் குறைந்த கத்தியை எங்கும் கொண்டு போகலாமா?

இல்லை. மிகவும் ஆபத்தான தவறான புரிதல் இதுதான். உரிமம் வேண்டாம் என்பது ஒன்று, எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் இடுப்பில் வைத்துக்கொள்ளலாம் என்பது வேறொன்று.

நான்கு அங்குலக் கத்தியால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அபாயகரமான ஆயுதத்தால் காயம் விளைவித்ததாகப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-ஆம் பிரிவில் வழக்கு வரலாம். அங்கே அங்குலக் கணக்கு இல்லை. பழைய 144 தடை உத்தரவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவில் வருகிறது. அந்த உத்தரவில் ஆயுதம் கொண்டு செல்லத் தடை போட்டிருந்தால், சமையலுக்கு என்ற பதில் செல்லாது. தேர்தல் நேரத்தில் பறக்கும் படை வண்டியை நிறுத்தித் திறந்து பார்க்கும்.

ஆகவே மூன்று பழக்கம். பயணத்தின்போது கத்தி உறையில், துணியில் சுற்றி, பையின் அடியில் இருக்கட்டும். இடுப்பில் கட்டுவது கூடாரம் போட்ட இடத்துக்குள் மட்டும். கடைவீதிக்கோ, ஏரிக்கரைக்கோ, மே மாதச் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கோ, கோடை விழாக் கூட்டத்துக்கோ போகும்போது கத்தி கூடாரத்தில் இருக்கட்டும், உங்களோடு வேண்டாம்.

பட்டனைத் தட்டினால் திறக்கும் கத்தி?

வாங்காதீர்கள். குறிப்பாக, இமயமலைப் பயணத்துக்கு டெல்லி வழியாகப் போகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: ஸ்பிரிங், பட்டன் முதலிய விசையால் திறக்கும் கத்திகளில் 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அல்லது அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு எதிராக டெல்லியில் 1980 முதல் தனி அறிவிக்கை இருக்கிறது. அது மூன்று அங்குலம்தான். ஊருக்கு ஊர் அளவு மாறும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

அரிவாள் எடுத்துப் போகலாமா? விறகு வெட்ட வேண்டுமே?

விறகு வெட்டவே வேண்டாம். காப்புக்காட்டில் மரம் வெட்டுவதும், தீ மூட்டுவதும், அனுமதியின்றி நுழைவதும் தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி குற்றம். தோட்டம் என்றால் அது இன்னொருவரின் சொத்து. சில்வர் ஓக் கிளையைக்கூடக் கேட்காமல் தொடக் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு, இது நம் மலைக்கே உரியது. சேர்வராயனில் சந்தன மரம் இருக்கிறது. இருட்டும் நேரத்தில், வெளியூர்ப் பதிவெண் வண்டியில், அரிவாளும் கோடரியுமாக நான்கு பேர் இருந்தால் வனக்காவலர் என்ன நினைப்பார்? அவர் நினைப்பது நியாயம்தான். மலைக் கிராமத்தில் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் அரிவாளோடு நடந்து போவதைப் பார்த்துவிட்டு, அவருக்கு மட்டும் எப்படி என்று கேட்காதீர்கள். அவர் தன் மிளகுக் கொடிக்கும் காப்பிச் செடிக்கும் போகிறார். அவருக்கு அது கைபோல.

சமைக்கச் சிறு கேஸ் அடுப்பு எடுத்துப் போங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். பிப்ரவரி முதல் மே வரை நம் மலையும் அதே போலக் காய்ந்து கிடக்கும்.

காட்டுக்குள் நடைபயணம் போகும்போது?

குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் காட்டு நடைபயணத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ட்ரெக் தமிழ்நாடு திட்டமும் தொடங்கியது. அனுமதி பெற்று, வழிகாட்டியோடு போவதுதான் முறை. அந்த வழிகாட்டி கத்தி வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சரணாலயம் என்றால் சட்டம் இன்னும் கடுமை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 31-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. அந்தச் சட்டம் ஆயுதம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் கத்தி என்ற சொல்லே இருக்கிறது. 9 அங்குலம் என்ற பேச்சே இல்லை. ஏற்காடு சரணாலயம் அல்ல. ஆனால் அங்கிருந்து இறங்கித் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போகிறவர்கள் 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரின சரணாலயத்தை நினைவில் வையுங்கள். ஒரே பயணத்தில் ஒரே கத்தி ஓரிடத்தில் சமையல் கருவி, இன்னோரிடத்தில் ஆயுதம்.

சோதனைச் சாவடியில் நிறுத்தினால் என்ன சொல்ல வேண்டும்?

உண்மையை, அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே.

ஒரு முறை அடிவாரத்தில் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். பிளாஸ்டிக்கும் மதுபாட்டிலும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. நான் முதலிலேயே, “ஐயா, அடியில் சமையல் கத்தி ஒன்று இருக்கிறது, எடுத்துக் காட்டட்டுமா?” என்று கேட்டேன். காய் நறுக்கும் பலகை, அதன்மேல் துண்டில் சுற்றிய கத்தி, பக்கத்தில் வெங்காயப் பை. அவர் துண்டை ஓரமாக விலக்கிப் பார்த்துவிட்டு மூடினார். “தோட்டத்திலா தங்குகிறீர்கள்? யாருடையது?” என்றார். சொன்னேன். முடிந்தது.

எங்கள் பின்னால் வந்த காரில் ஓர் இளைஞர். இடுப்பில் தோலுறை, அதில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான கத்தி. அவர் கெட்ட எண்ணம் எதுவும் உள்ளவர் அல்ல என்று பார்த்தாலே தெரிந்தது, ஆசையாக வாங்கியிருக்கிறார். ஆனால் எதற்கு என்று கேட்டதும் அவருக்குப் பதில் வரவில்லை. “சும்மாதான் சார்” என்றார். அந்தச் சொல்தான் அவரை மாட்டிவிட்டது. நாங்கள் முதல் கொண்டை ஊசி வளைவில் ஏறும்போதும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

தங்கும் இடத்தின் முன்பதிவு ரசீதோ, தோட்டக்காரரின் குறுஞ்செய்தியோ தொலைபேசியில் இருக்கட்டும். கத்தியை நீட்டும்போது உறையோடு, பிடி அவர் பக்கமாக. வாக்குவாதம் வேண்டாம். சட்டப் பிரிவைச் சாலையோரத்தில் ஒப்பிக்கவும் வேண்டாம்.

பஸ், ரயில், விமானம்?

விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது. ஒரு அங்குலப் பேனாக்கத்தியானாலும் சரி. சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் சரக்குப் பையில், உறைக்குள் சுற்றிப் போடுங்கள். திரும்பும்போதுதான் மறந்துபோகும், ஒரு நல்ல கத்தியை நானே அப்படிப் பறிகொடுத்திருக்கிறேன். ரயிலிலும் பஸ்ஸிலும் பையின் அடியில் இருப்பதை வெளியே எடுக்காதீர்கள். ஆப்பிள் நறுக்கக்கூட வேண்டாம். வண்டி குலுங்கும், பக்கத்தில் குழந்தை இருக்கும்.

காட்டெருமை, பாம்பு வந்தால் தற்காப்புக்கு?

கத்தி உதவாது. ஏற்காட்டில் காட்டெருமை தோட்டங்களுக்குள் வருகிறது. ஆண் எருமை 800 கிலோவைத் தாண்டும். எதிரே வந்தால் நின்று, சத்தமில்லாமல் பின்வாங்குங்கள்.

பாம்பு கடித்தால் கத்தியை எடுக்கவே எடுக்காதீர்கள். கடிவாயைக் கீறி இரத்தத்தை வெளியேற்றுவது பழைய வழக்கம். அது நஞ்சை எடுக்காது, காயத்தைப் பெரிதாக்கும், சீழ் பிடிக்க வைக்கும். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசு, கைக்கடிகாரத்தைக் கழற்றி, 108-ஐ அழையுங்கள். நஞ்சுமுறி மருந்து இருப்பது மருத்துவமனையில். ஏற்காட்டிலிருந்து சேலம் 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், 20 கொண்டை ஊசி வளைவுகள். கீறுவதில் போகும் ஐந்து நிமிடம் பெரிய நஷ்டம்.

கத்தியால் கை வெட்டிக்கொண்டால்?

சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். இரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் மடங்காவிட்டாலோ, மரத்துப்போனாலோ மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதை ஊரிலிருந்து கிளம்பும்போதே நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?

பத்து வயதுக்கு மேல், உட்கார்ந்த நிலையில், ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் கொடுக்கலாம். முதலில் வாழைப்பழம், பிறகு வெள்ளரிக்காய். தொடைமேல் வைத்துக் குச்சி சீவ விடாதீர்கள். தொடையின் உட்புறத்தில் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது. முழங்காலுக்கு வெளியே, உடம்பை விட்டு விலகிச் சீவட்டும்.

சாணை?

தெருவில் வரும் சாணைக்காரர் அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் சரி. மெல்லிய கத்தியை உலர்ந்த சக்கரத்தில் வைத்துத் தீப்பொறி பறக்க விட்டால் வாயோரம் நீலம் ஓடும். பட்டறையில் பெரியவர் அத்தனை கவனமாகக் கொண்டுவந்த இறுக்கம் அரை நிமிடத்தில் போய்விடும். 1000 எண் தண்ணீர்க் கல் (தண்ணீரில் நனைத்துத் தீட்டும் சாணைக்கல்) ஒன்று வாங்கி, ஒவ்வொரு பக்கமும் சுமார் 20 டிகிரி சாய்வில் நீங்களே தீட்டுங்கள். மலையில் கூர் மழுங்கினால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பூச்சு இல்லாத சொரசொரப்பான வளையத்தில் மெதுவாக நாலைந்து முறை இழுங்கள். வெங்காயம் நறுக்க அது போதும்.

துரு பிடிக்காமல் எப்படி வைப்பது?

ஏற்காட்டுப் பனியில் ஒரே இரவில் ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தியில் பழுப்புப் புள்ளி விழும். எலுமிச்சை நறுக்கினால் உடனே கழுவித் துடையுங்கள். படுக்கப் போகும் முன் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விரலால் தடவுங்கள். சமையலுக்கும் கெடுதல் இல்லை. வீடு திரும்பியதும் கத்தியை உறையிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். தோலுறை மலையின் ஈரத்தை வாரக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும்.